கண் ஆஸ்பத்திரியில் கட்டம் கட்டமாய்

இன்றைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போய், கண்ணைக் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வலது கண்ணில் புரை. ஆறு மாதம் முன்னால் டாக்டர் சொல்லியிருந்தார்.

"இப்ப ஒண்ணும் அவசரம் இல்லம்மா. எழுத்து தெரியாமப் போச்சுன்னா ஆபரேஷன் பண்ணிடலாம்."

அன்றிலிருந்து தினமும் காலையில் காலண்டர்தான் எனக்குப் பரீட்சை. நல்ல நேரம் தெரிகிறதா? தெரிகிறது. எமகண்டம்? அதுவும் தெரிகிறது. அப்பாடா!

எனக்கு ஆபரேஷன் என்றால் பயம். எழுத்து போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். அவர் போன பிறகு வீட்டில் என்னோடு பேசுவது அலமாரிப் புத்தகங்கள் மட்டும்தான். அவையும் வாயை மூடிக்கொண்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன தடவை அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்தார்கள். எனக்கு இருபத்து மூன்று. சுவரில் ஒரு சின்ன போர்டு. அதில் இருபத்து மூன்று என்று வந்தது. எழுந்து போனேன். பார்த்தார்கள். வந்தேன். ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்தக் காலத்திலேயே காலேஜ் படித்தவள் இல்லையா நான்? குறை இல்லாத இடத்தில் குறை கண்டுபிடிக்கத்தானே படித்தது!

குறை எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கினேன். ஒரு முழுப் பக்கம் எழுதினேன். 'நாங்கள் எண்கள் அல்ல. எங்களுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயருக்குத் தமிழில் எழுத்து உண்டு.' எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை மெதுவாக வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். ஓசை நன்றாக இருந்தது. கீழே கையெழுத்து மட்டும் போடவில்லை. அடக்கமாம்!

இன்றைக்குப் போய் இறங்கினால், ரிசப்ஷனில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

"இனிமே டோக்கன் நம்பர் கிடையாதும்மா. பேரு போர்டுல வரும். தமிழ்லயே வரும். நேத்துதான் புது போர்டு மாட்டுனாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரில் அவள் என் பெயரைத் தட்டினாள். எட்டிப் பார்த்தேன். திலகவதி. திரையில் அழகாக இருந்தது. ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தாள். அதைப் பார்க்காமலே பர்சில் வைத்துக்கொண்டேன். என் பெயர் எனக்குத் தெரியாதா என்ன?

பிறகு நர்ஸ் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டாள்.

"கொஞ்ச நேரம் மங்கலாத்தான் இருக்கும். பயப்படாதீங்க. உங்க பேரு போர்டுல வந்தா உள்ள வாங்க. ஆளு வரலன்னா முன்ன மாதிரி நாங்க நம்பரச் சொல்லிக் கத்த மாட்டோம். மேனேஜர் கத்தக் கூடாதுன்னுட்டாரு."

காத்திருக்கும் ஹால் சின்னது. அதனால் கூட வந்தவர்களை எல்லாம் வெளியே ஷெட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். உள்ளே நோயாளிகள் மட்டும். அதாவது நாற்பது பேர், எண்பது கெட்ட கண்கள்.

டிங் என்று மணி அடித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். போர்டில் சிவப்பாக எட்டுக் கட்டங்கள். பக்கத்துப் பக்கத்தில், வரிசையாக. செங்கல் சூளையில் அடுக்கி வைத்தது போல.

எழுத்து இல்லை!

வலது கண்ணை மூடிப் பார்த்தேன். கட்டம். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். கட்டம். இரண்டையும் கசக்கிவிட்டுப் பார்த்தேன். கட்டமேதான், ஆனால் ஈரக் கட்டம்.

காலையில் எமகண்டம் தெரிந்ததே! பஸ்ஸில் வரும்போதே போய்விட்டதா? மங்கும் என்று சொன்னார்கள், சரி. மங்கினால் மை கலைந்த மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? இப்படி மூலைக்கு மூலை சதுரமாகவா ஒருத்திக்குக் கண் போகும்?

பக்கத்தில் ஒரு பெரியவர். தங்கராசு என்று பெயர், ஜெயங்கொண்டம் பக்கம், முந்திரிக் காடு இருக்கிறது. வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் இவ்வளவும் சொல்லிவிட்டார். அவரிடம் நைசாகக் கேட்டேன்.

"ஏங்க, போர்டுல யாரு பேரு வந்திருக்கு?"

அவர் போர்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நமக்குத் தெரியாத பேருக்கா."

"தெரியாத பேருன்னா?"

"வெளியூரு போலருக்கு."

எனக்குப் பொறாமையாக இருந்தது. மனிதருக்கு வெளியூர் உள்ளூர் வரைக்கும் தெரிகிறது. எனக்குக் கட்டம் தெரிகிறது.

டிங்! இந்தத் தடவை ஆறு கட்டம். யாரும் எழுந்திருக்கவில்லை.

டிங்! பத்து கட்டம். ஹாலில் ஒரு அசைவு இல்லை.

முன்வரிசையில் திருமழபாடியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா திரும்பி எல்லாரையும் முறைத்தார்.

"யாரு பேருன்னு பாத்து எந்திரிச்சுப் போங்களேன்! கூப்புட்டுக் கூப்புட்டு ஆளு வரலன்னா டாக்டரு என்ன பண்ணுவாரு?"

"நீங்கதான் முன்னாடி உக்காந்திருக்கீங்க. யாரு பேருன்னு படிச்சுச் சொல்லுங்களேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் எதுக்குப் படிக்கணும்? என் பேரு வந்தா எனக்குத் தெரியாதா?"

அத்தோடு சரி. அந்த அம்மா திரும்பவே இல்லை.

இப்படியே முக்கால் மணி நேரம். மணி அடிக்கும். நாற்பது தலை நிமிரும். நாற்பது தலையும் பேசாமல் குனியும். நானும் கௌரவமாகக் குனிந்துகொண்டேன். உள்ளே மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். புத்தகங்களை யாருக்குக் கொடுப்பது? அலமாரியை விற்றுவிடலாமா?

கடைசியில் தங்கராசு என் பக்கம் சாய்ந்தார். குரல் பாதியாகிவிட்டது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு ஒரு மாதிரி கட்டம் கட்டமா தெரியுது."

"உங்களுக்குமா!" என்று கத்தியேவிட்டேன்.

அவ்வளவுதான். ஹால் முழுக்கப் பற்றிக்கொண்டது.

"எனக்கும் கட்டம்தான்!"

"எனக்கு வந்ததுலேருந்தே கட்டம்! வூட்டுல சொன்னா திட்டுவாங்கன்னு கம்முனு இருந்தேன்!"

"எல்லாருக்கும் ஒண்ணு போலத் தெரியுதுன்னா அந்தச் சொட்டு மருந்துதான்! மருந்த மாத்தி வுட்டுட்டாங்க!"

"ஐயோ! எம் மவ கல்யாணம் அடுத்த மாசம்! பொண்ணையும் கட்டமா பாக்கணுமா நான்?"

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. நான்தான் எழுந்து நின்று கேட்டேன்.

"சார், போர்டுல கட்டமா தெரியுது சார்."

மனிதர் போர்டு இருக்கும் பக்கம் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

"மருந்து விட்டா அப்படித்தாம்மா தெரியும். போகப் போக சரியாயிடும். உக்காருங்க."

"நாப்பது பேருக்கும் கட்டமா சார்?"

"நாப்பது பேருக்கும்தானேம்மா மருந்து விட்டிருக்கு?"

என்ன பதில் பாருங்கள்! தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஒரு நாற்காலி தள்ளி நின்று தலையை நிமிர்த்தினால் போதும். ஆனால் நிமிர்த்துவது அவர் வேலை இல்லை. பதில் சொல்வதுதான் அவர் வேலை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. டாக்டரே வெளியே வந்தார். கையில் டீ கிளாஸ்.

"என்னப்பா, இன்னைக்கு எங்கயாச்சும் திருவிழாவா? பெல் அடிச்சு அடிச்சுக் கை வலிக்குது, ஒருத்தரும் உள்ள..."

ஹாலைப் பார்த்தார். நாற்பது பேரும் அவரைப் பார்த்தோம். டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

பிறகு போர்டைப் பார்த்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். கோட்டு நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தங்கராசு என் காதில் சொன்னார், "டாக்டருக்கும் வந்துருச்சுக்கா."

"இங்க என்ன எழுதியிருக்கு?" என்று டாக்டர் மேனேஜரைக் கேட்டார்.

"பேரு சார்," என்றார் மேனேஜர். சொல்லிவிட்டு, அந்த ஆஸ்பத்திரி வரலாற்றிலேயே முதல் தடவையாக, நிமிர்ந்து பார்த்தார்.

போர்டு மாட்டியவருக்குப் போன் போனது. எல்லாரும் கேட்கும்படி டாக்டர் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஏம்ப்பா, போர்டுல கட்டம் கட்டமா வருது?"

"என்ன சார் அடிச்சீங்க?"

"பேருதான். தமிழ்ல."

"அதான் சார். அந்த போர்டுக்குள்ள இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் வச்சிருக்காங்க. அதுக்குத் தெரியாத எழுத்த அனுப்புனா, எழுத்துக்கு ஒரு கட்டத்தப் போட்டுட்டு அது பாட்டுக்கு இருக்கும்."

"கம்ப்யூட்டர்ல நல்லாத் தெரியுதேப்பா!"

"கம்ப்யூட்டர்ல தமிழ் இருக்கு சார். போர்டுல இல்ல சார்."

"நேத்து சரிபாத்தேன்னு சொன்னியே?"

"பாத்தேன் சார். வெல்கம்னு இங்கிலீஷ்ல போட்டேன். பளிச்சுனு வந்துச்சு."

"தமிழ் வருமான்னு நான் கேட்டதுக்கு வரும்னியே!"

"வரும் சார். கட்டமா வரும்."

ஹாலில் நாற்பது பேரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டோம். கண் போகவில்லை! எழுத்து போகவில்லை! போர்டுக்குக் கீழே சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கொஞ்சம் கலங்கலாக, ஆனால் முழுசாகத் தெரிந்தது. முதலிலேயே அரை அடி கீழே பார்த்திருந்தால் போதும். முக்கால் மணி நேரம் வீணாகியிருக்காது. பட்டம் வாங்கியவளுக்கு அது தோன்றவில்லை.

மேனேஜர் டாக்டரிடம் குழைந்துகொண்டிருந்தார்.

"நம்ம தப்பு இல்ல சார். யாரோ ஒரு பேஷண்ட் நோட்டுல ஒரு பக்கத்துக்கு எழுதிட்டுப் போயிருக்காங்க. நாங்கள் எண்கள் அல்லவாம். அதுக்காகத்தான் நம்பர எடுத்தோம்."

தங்கராசு தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருக்கா அந்தப் புண்ணியவதி? நம்பரு பாட்டுக்கு ஒழுங்கா போயிட்டிருந்துச்சு!"

"யாரோ படிச்சவங்க போலருக்கு," என்றேன்.

"இந்தப் படிச்சவங்க தொல்ல தாங்க முடியலக்கா."

"ஆமாங்க," என்றேன்.

அதோடு முடிந்ததா? இனி யார் முதலில் போவது? மேனேஜர் எல்லாரிடமும் சீட்டைக் கேட்டார். பர்சிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. அந்தச் சீட்டு அடிக்கும் மெஷினுக்கும் தமிழ் தெரியாதாம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். நாற்பது சீட்டிலும் அப்படியே.

நர்ஸ் குரல் கொடுத்தாள். "சரி, யாரு மொதல்ல வந்தது?"

"நாந்தான்!" என்றோம் நாற்பது பேரும்.

டாக்டர் கையை உயர்த்தினார். "வயசுல பெரியவங்க மொதல்ல வாங்க."

யாரும் வரவில்லை. திருமழபாடி அம்மா நரைமுடியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டார். ஒரு தாத்தா மீசையை முறுக்கினார். நானும் முதுகை நேராக்கிக்கொண்டேன்.

கடைசியில் தங்கராசுதான் எழுந்தார். "நான் போறேன் சார். காட்டுல ஆளு வேல பாக்குது." அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். நாலாவதாக நான் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் அறைக்குள் ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் பெஞ்சில் நான். அந்தப் பக்கம் தங்கராசு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருக்கும் எழுத்து அட்டையைப் படிக்கிறார்.

"ட... ம... ய... ப... ர... க..."

பயம் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. போர்டுதான் பொய் சொன்னது, சரி. அட்டை பொய் சொல்லாதே! வலது கண்ணால் மட்டும் படிக்கச் சொன்னால்? அது தெரியாவிட்டால் ஆபரேஷன் ஆயிற்றே!

இரண்டாவது ஆள் போனார். அதே அட்டை. ட, ம, ய, ப, ர, க. மூன்றாவது ஆளும் அதையே. அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓசை இருந்தது. மூன்று மூன்றாகப் பிரித்தால் நடை வருகிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்தது போகாது. கடைசி வரி வரைக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

என் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் என் இடது கண்ணை மூடிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எதற்குக் காத்திருப்பது? தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன்.

"ட, ம, ய. ப, ர, க."

நிற்காமல் அடுத்த வரி. அதற்கும் கீழ் வரி. கடைசி வரியைக் கொஞ்சம் இழுத்து, தளர்த்தி முடித்தேன். நன்றாகவே வந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, நான் இன்னும் அந்த அட்டைக்கு லைட்டே போடல."

அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

மக்களே, அட்டையை ஒப்பிப்பதற்கு முன்னால் லைட் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தெரிந்தால்.