பாலம் அண்ணாவின் மலை

பல்லாவரம் மேம்பாலத்தை இமயமலை என்று நம்பி வாழும் ஒரே மனிதர் எங்கள் பாலம் அண்ணாதான். பம்மலில் தோல் பை தைக்கிறவர். ஐம்பது வயது, நாற்பது கிலோ. தென் சென்னையில் மலை இல்லாததால், எங்கள் சைக்கிள் குழுவின் மலைப் பயிற்சிக்கு அவர் கண்டுபிடித்த ஏற்பாடு அந்தப் பாலம். ஏறுவார், இறங்குவார், கீழ்வழியாகத் திரும்பி வந்து மறுபடி ஏறுவார். காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஐம்பது தடவை.

ஒருநாள் போலீஸ்காரர் மறித்துவிட்டார்.

"இன்னாய்யா, எதனா தொலைச்சிட்டியா? ரொம்ப நேரமா பாத்துகினு கீறேன்."

"இல்ல சார், கோத்தகிரி போய்கினு கீறேன்."

"அப்போ நேரா போவ வேண்டிதான? ஏன் திரும்பித் திரும்பி வர்ற?"

அண்ணாவுக்கு உலகத்தில் உள்ள உயரமெல்லாம் பாலக் கணக்குதான். அஸ்தினாபுரத்தில் என் மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்தவர், "ஒரு பாலம் கூட தேறாதே" என்று வருத்தப்பட்டார்.

இப்படிப்பட்டவர் கோத்தகிரி உச்சியை மட்டும் சைக்கிளில் தொட்டதே இல்லை. இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் வேனில்தான் வந்தார். முதல் தடவை யாருக்கோ செயின் மாட்ட நின்றார். அடுத்த தடவை வாந்தி எடுத்த ஒருவருக்குத் தலையைப் பிடித்துக்கொள்ள நின்றார். நேரம் போய்விட்டது.

போன டிசம்பரில் மூன்றாவது முயற்சி. ஆறு மணிக்கு மேட்டுப்பாளையம், பதினொன்றுக்குள் கோத்தகிரிப் பலகை, சாயங்காலம் ஊட்டி. பதினொன்றுக்கு மேல் வழியில் இருப்பவர்களை வேன் அள்ளிக்கொள்ளும். கேப்டன் ரேவதி மேடம் வங்கி அதிகாரி; பேச்சுக்கு இடமே இல்லை. அவர் பலகையைத் தாண்டினால் அன்றைய கணக்கு முடிந்தது; அதுதான் குழுவின் வழக்கம்.

கிளம்பும்போது அண்ணா எல்லாரையும் நிறுத்தி அறிவித்தார். "தோ பாருங்க, இந்த வாட்டி எவன் வுயுந்தாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன். அப்பால வருத்தப்படாதீங்க."

விழுந்தது நான்தான். சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு. பாதி மலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, ரோட்டோரம் சாய்ந்துவிட்டேன். அண்ணா என்னைக் கடந்தார். நேரே பார்த்துக்கொண்டே, "நான் உன்ன பாக்கல" என்று சொல்லிவிட்டு வளைவில் மறைந்தார்.

இரண்டு நிமிடம் கழித்து, முகத்தை மலைப்பக்கம் திருப்பியபடி இறங்கி வந்தார். "இன்னும் உன்ன பாக்கல. கால நீட்டு."

ஒரு குரங்கைப் பார்த்துக்கொண்டே என் காலை நீவிவிட்டார். பிறகு, ஏறும்போதெல்லாம் ஒரு கையால் என் முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"இன்னும் எத்தனை பாலம்ணா?"

"நாலு."

அரைமணி கழித்துக் கேட்டேன். "நாலு."

"அப்பவும் நாலுதானே சொன்னீங்க?"

"அது சின்ன பாலம்பா. இது பெர்சு."

மணியைப் பார்த்தேன். பத்து ஐம்பது. "நீங்க போங்கண்ணா, உங்களுக்காவது கிடைக்கட்டும்" என்று கெஞ்சினேன். காது கேட்காதவர் மாதிரி தள்ளினார். பதினொன்று ஆனது. பதினொன்றேகால் ஆனது. இந்த மனிதரின் மூன்றாவது மலையையும் நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்தது. வேன் சத்தம் எப்போது கேட்கும் என்று பயந்துகொண்டே மிதித்தேன்.

கேட்கவில்லை. பதினொன்று இருபதுக்குப் பலகை தெரிந்தது. அதைத் தாண்டி நின்ற குழுவின் மற்ற ஏழு பேரும் குளிரில் குதித்துக்கொண்டே கத்தினார்கள். ரேவதி மேடம் மட்டும் பலகைக்கு இந்தப் பக்கம், சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"டைம் முடிஞ்சிடுச்சே மேடம்?" என்றேன்.

"கேப்டன் தாண்டினாதான் முடியும். அதுதானே நம்ம வழக்கம்? நான் இன்னும் தாண்டல." கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னார். "வேன் டிரைவரை டீ குடிச்சிட்டு மெதுவா வரச் சொல்லிட்டேன். சீக்கிரம் போங்க, கால் மரத்துப்போச்சு."

அண்ணா எனக்கு வழிவிட்டார். நான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். பலகையைத் தாண்டியதும் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதார்.

நிமிர்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு என்னைத்தான் தேடினார். "இப்ப எப்டி கீது கால்?"

அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இங்கே எழுதிவிட்டேன்.