மாவு நைனாவும் கார் கதவுப் பொத்தான்களும்

ஒரே காரின் இரண்டு கதவுகளும் இரட்டைப் பிள்ளைகள் என்று நம்பிய முட்டாள் நான். அந்த நம்பிக்கையை ஒரு பிடி சப்பாத்தி மாவால் நசுக்கியவர் மாவு நைனா. ராயபுரம் முதல் எண்ணூர் வரை அவரைப் போன்ற கிறுக்கர் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் மெக்கானிக் ஆகியிருக்க மாட்டார்.

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் முதலாளியிடம் நான் டிரைவர். ஒரு துரை விற்றுவிட்டுப் போன பழைய கார். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். மூடினால் கதவிடுக்கிலுள்ள பொத்தான் அமுங்கி அணையும். உப்புக்காற்றில் துருவேறி, ஒருநாள் விளக்கு அணையவே மறுத்தது. இரண்டு கதவிலும் குறடால் ஒரு திருகு திருகினேன். இரண்டு பொத்தானும் தூள்.

ஐந்து மணிக்கு முதலாளி மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களை இதே காரில் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரவேண்டும். "இன்னிக்கு மட்டும் கார்ல ஏதாவது கோளாறு, நாளைக்கு நீ வரவேணாம்" என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார்.

கல்மண்டபத்திலிருந்த நைனாவின் பட்டறைக்குப் பறந்தேன். மிலிட்டரி ஏலத்துச் சாமான் குவியலுக்கு நடுவே நைனா உட்கார்ந்திருந்தார்.

"நைனா, அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல மாப்பிள வூட்டாரை ஏத்தணும். ஒரே மாதிரி ரெண்டு கதவுப் பொத்தான் குடு."

"ஒன் ரெண்டு காதும் ஒரே மாதிரியா கீது?"

அந்த அவசரத்திலும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்துக் கடையிலிருந்து பிசைந்த மாவு வந்தது. பொத்தான் இருந்த இடத்தில் அப்பி, கதவைச் சாத்தித் திறந்தார். இடது பக்கம் மாவு தோசை. வலது பக்கம் ஊத்தப்பம்.

"பாத்தியா, வலது கதவு தொங்கிகினு கீது. அதுக்கு நெட்டை, இதுக்கு குட்டை. மாத்திப் போட்டா ஒரு பக்கம் வெளக்கு அணையாது, ஒரு பக்கம் கதவு சாத்தாது. மாப்பிள கதவ புடிச்சிகினேதான் வரணும்."

மணி மூன்று. குவியலிலிருந்த ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கி, காதருகே வைத்துக் கேட்டு, வீசினார். "இது சோம்பேறி. இது கோவக்காரன், எகிறுது."

"என் வேல பூடும் நைனா."

"பூடாது. கம்முனு ஒக்காரு, பேஜார் பண்ணாத."

நாலரைக்கு இரண்டு தேறின. ஒன்று ஆம்புலன்ஸினுடையது, மற்றது எதனுடையது என்று அவருக்கே தெரியாது. மாட்டிவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் முதலாளி கதவைத் திறந்தார்; எரிந்தது. விருந்தாளிகள் ஏறினார்கள், மூடினார், அணைந்தது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. என் வேலை பிழைத்தது.

எதிர்ச்சாரியில், போட்டது மக்கர் பண்ணினால் மாற்ற இன்னொரு பொத்தானையும் திருப்புளியையும் கையில் வைத்துக்கொண்டு, கார் கிளம்பும்வரை நைனா வெயிலில் நின்றிருந்தார்.