எங்கள் காரும் பொதுமக்களும்

அழகான கையெழுத்து உள்ளவர்கள் மொட்டைக் கடிதம் எழுதக் கூடாது. இருபது வயதில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது நான் அப்படிப்பட்ட மேதாவி.)

தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில், எங்கள் வீட்டுக்கு முன்னால் தெருவோரமாக ஒரு வெள்ளைக் கார் நின்றது. நான்கு வருடமாக நின்றது. டயர்கள் தரையோடு உட்கார்ந்துவிட்டன. பானெட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வடகம் காயப்போடுவார்கள். பின் சீட்டில் ஒரு பூனை மூன்று குட்டிகள் போட்டிருந்தது.

அப்பா சொந்தமாக மோட்டார் பட்டறை வைத்திருந்த காலத்தில் வாங்கிய கார் அது. பட்டறையை மூடிவிட்டு இன்னொருவரிடம் வேலைக்குப் போனபோது கார் மட்டும் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பளபளவென்று துடைத்துவிட்டு, டீ டம்ளரை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அந்த ஒரு மணி நேரம் அவர் மறுபடியும் முதலாளி. இது எனக்கு அப்போது புரியவில்லை.

எனக்குப் புரிந்தது என் மானப் பிரச்சினை மட்டும்தான். கல்லூரி பஸ் டிரைவர் எங்கள் நிறுத்தத்துக்கு 'ஓட்டக் காரு ஸ்டாப்' என்று பெயர் வைத்துவிட்டார். தினமும் காலையில் பஸ்ஸே சிரிக்க, நான் ஏற வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு மாநகராட்சி அறிவிப்பு வந்தது. தெருக்களில் கேட்பாரற்று நிற்கும் வாகனங்களைப் பற்றிப் பொதுமக்கள் மனு கொடுக்கலாம், அபராதம் போட்டு அப்புறப்படுத்துவோம் என்றார்கள். அன்று சாயங்காலமே நான் பொதுமக்கள் ஆகிவிட்டேன்.

முழுதாக இரண்டு பக்கம் எழுதினேன். 'கேட்பாரற்று' என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டேன். காருக்குள் பாம்பு குடியிருப்பதாகவும், அதனால் பள்ளிக் குழந்தைகள் சுற்றுவழியில் போவதாகவும் சேர்த்துக்கொண்டேன். (பாம்பு இல்லை. குழந்தைகள் பூனைக்குட்டி பார்க்க அந்த வழியாகத்தான் போனார்கள்.) 'இப்படிக்கு, நலம் விரும்பும் பொதுமக்கள்' என்று முடித்து, அடியில் வழக்கமாகப் போடும் பூச்சுழியையும் போட்டேன். தபாலில் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாளில் கார் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அப்பா துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்.

"கேட்பாரற்றுன்னு போட்டிருக்கறாங்க கண்ணு. கேக்கறதுக்கு நான் இருக்கறனே."

அவர் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து என்னிடமே நீட்டினார்.

"உனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா வரும். பதில் எழுது சாமி."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "ஐயா, வண்டி அனாதை இல்லீங்க. வாரா வாரம் நான் அதுக்குள்ள உக்காந்துட்டுத்தான் இருக்கறேன்." எழுத்தை வேண்டுமென்றே இடப்பக்கம் சாய்த்து, கோழி கிளறியது போலக் கிறுக்கினேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"கையில அடிகிடி பட்டுப் போச்சா? எப்பவும் போல எழுது."

தாளைக் கிழித்துவிட்டு எப்பவும் போல எழுதினேன். சுழி உட்பட.

மறுநாள் மண்டல அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நிதானமான மனிதர். முதலில் புகார் மனுவை உரக்கப் படித்தார்.

"பாம்பு இருக்குதுங்களாமே?"

"பூனைங்க. மூணு குட்டி," என்றார் அப்பா.

அதிகாரி அப்பாவின் கடிதத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இரண்டு தாளையும் அப்பா பக்கமாகத் திருப்பினார்.

"ஏனுங்க, ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்குதுங்களே."

அப்பா பார்த்தார். அவர் கண் அந்தச் சுழியில் போய் நின்றது. நான் மேசைக்குக் கீழே என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"எங்க தெருவுல யாரு மனு போட்டாலும் எம்பொண்ணுதானுங்க எழுதிக் குடுக்கும்," என்றார் அப்பா. "இல்லீங்கன்னு சொல்லத் தெரியாதுங்க அதுக்கு."

அதிகாரி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அபராதம் போடவில்லை. பதினைந்து நாளில் தெருவை விட்டு எடுத்துவிடச் சொல்லி அனுப்பிவைத்தார்.

வெளியே பேக்கரியில் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார் அப்பா. நான் பாதி பன் தின்னும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாம்புன்னு எழுதுனதுதான் கண்ணு கொஞ்சம் ஓவரு," என்றார்.

பன்னோடு சேர்த்து அழுகையையும் விழுங்கினேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் காம்பவுண்டு சுவரை இடித்து, தெருவே கூடித் தள்ளி, காரை வாசலுக்குள் கொண்டுவந்தோம். ஸ்டியரிங் பிடித்தவள் நான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலேயே அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். பேப்பரில் பாதியைப் பிரித்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் பொதுமக்கள். குழம்பில் உப்புக் குறைந்தால் "பொதுமக்கள் மனு போடுவாங்க பாரு" என்பார் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் "பொதுமக்களுக்குச் சம்மதமான்னு கேட்டுப்போடலாம்" என்று சபையிலேயே சொன்னார் அப்பா. இப்போது நான் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன். சனிக்கிழமை தவறாமல் அப்பாவிடமிருந்து போன் வரும்.

"ஏனுங்க பொதுமக்கள், நாளைக்கு வாரீங்களா? முன் சீட்டுல பூனை ஏறாம பாத்துட்டு இருக்கறேன்."