தோழனுக்கு இரண்டு பொட்டு

குடித்திருப்பது யாருக்கும் தெரியாது என்று ஒருவன் முழுமனதோடு நம்ப வேண்டுமானால், முதலில் அவன் குடித்திருக்க வேண்டும். இந்த உண்மையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஏழு வருடங்களுக்கு முன், என் தங்கையின் கலியாணத்தன்று, நெல்லியடியில் ஒரு மண்டப வாசலில் பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக நின்று கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்து மூன்று மாதம். (அதை எடுக்க எத்தனை தரம் போனேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.) எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அவரை மரியாதையாக அழைத்து வருவதும், மண்டப வாசலில் அவர் காலைக் கழுவிவிடுவதும் அவன் வேலை. பதிலுக்கு மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவார். வழக்கமாகக் கார் ஓட்ட ஒருவர் இருப்பார், தோழன் பின்னால் சாய்ந்துகொண்டு போவான். நான்தான், "என்ரை தங்கச்சிக்கு மாப்பிள்ளையை நானே கார் ஓடிக் கூட்டிக்கொண்டு வருவன்" என்று ஒரு மாதமாக வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மாமாவின் புதுக் காரை இரவல் வாங்கி, முதல் நாளே பூமாலையும் கட்டிவிட்டேன்.

கலியாண நாள் விடிந்ததும் கை நடுங்கத் தொடங்கியது. மாப்பிள்ளையின் ஊரான வல்வெட்டித்துறை ஒன்றும் கடல் கடந்த தேசம் அல்ல. கால் மணி நேர ஓட்டம். ஆனால் கார் இரவல், மாப்பிள்ளை புதிது, ஓட்டுகிறவன் அதைவிடப் புதிது. கனடாவிலிருந்து வந்திருந்த என் சிநேகிதன் ரூபன் என் கையைப் பார்த்தான். மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்த் தன் காரின் டிக்கியைத் திறந்தான்.

"ஒண்டு போட்டால் கை நிண்டிடும் மச்சான்."

ஒன்று போட்டேன். கை நின்றது. இன்னொன்று போட்டால் மனமும் நிற்கும் என்று தோன்றியது. அதையும் போட்டேன். கார் ஒழுங்காக ஓட்ட வேண்டும் என்பதற்காகவே குடித்த மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கஜன் அந்தப் பக்கம் வந்தான். என் சித்தியின் மகள் துளசிகாவோடு படிக்கிற பொடியன், பதினேழு வயது. வருகிறவர்களின் வாகனங்களை ஒழுங்காக நிறுத்தித் திறப்புகளை, அதாவது சாவிகளை, வாங்கி வைக்கிறோம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் இவன் ஒருவன். எனக்கோ அப்போது தாராள மனம் பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பியர் டின்னை எடுத்து நீட்டினேன்.

"இந்தா தம்பி, குடி. கலியாண வீடெல்லோ!"

"வேண்டாம் அண்ணை."

"உதிலை என்ன வெக்கம்? உன்ரை வயசிலை நாங்கள் எல்லாம்..."

"வெக்கம் இல்லை அண்ணை. இண்டைக்கு நான் திறப்புக்குப் பொறுப்பு."

ரூபனும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். திறப்புக்குப் பொறுப்பாம்! ஏதோ கஜானாவுக்குப் பொறுப்பு மாதிரி. அவன் எங்களோடு கோபிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தன்பாட்டில் போய்விட்டான். நான் இரண்டு ஏலக்காயை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு, உத்தமனைப் போல முன்வாசலால் மண்டபத்துக்குள் போனேன்.

வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனமும் குங்குமமுமாகத் துளசிகாவும் அவளுடைய இரண்டு சிநேகிதிகளும் நின்றார்கள். துளசிகாவுக்குப் பதினாறு வயது. வழக்கமாகத் தட்டை நீட்டுவார்கள், வருகிறவர்கள் தாங்களே தொட்டு வைத்துக்கொண்டு போவார்கள். அன்று பிள்ளைகளே எல்லோருக்கும் பொட்டு வைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குனியுங்கோ அண்ணை. விடியவே எழும்பினனீங்கள், களைச்சுப் போனியளே?" என்று கேட்டாள் துளசிகா.

என்ன பாசம்! நான் குனிந்து, என் களைப்பை அவள் முகத்துக்கு நேரே வாய் நிறைய விளக்கினேன். அவள் நடுநெற்றியில் சந்தனம் வைத்தாள். அதன் மேல் குங்குமம் வைத்தாள். பிறகு என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு இடது புருவத்துக்கு மேலே இன்னொரு சின்னக் குங்குமமும் வைத்தாள். தோழனுக்கு விசேஷ மரியாதையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை அழைக்கப் புறப்பட வேண்டும். சுபநேரம் பன்னிரண்டோடு முடிகிறது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வாகனங்கள் நின்ற பக்கம் போனேன். ஒரு மேசை, அதன் மேல் ஆணி அடித்த பலகை, ஆணிகளில் பெயர்த்துண்டு கட்டிய திறப்புகள். பலகைக்குப் பின்னால் கஜன் இருந்தான்.

"தம்பி, கார்த் திறப்பைத் தா."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தான். பிறகு எழும்பிப் போய்த் துளசிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, உங்களுக்குத் திறப்புத் தர ஏலாது" என்றாள் அவள்.

"என்ன பகிடியே? நேரம் போகுது."

"நீங்கள் குடிச்சிருக்கிறியள்."

"ஆர் சொன்னது? ஏலக்காய்தான் மணக்குது. பாயாசம் குடிச்சனான்."

"பாயாசம் இன்னும் அடுப்பிலை ஏறேல்லை அண்ணை."

பக்கத்தில் நின்ற சின்னப் பெட்டை ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்கு ரோசம் தலைக்கேறியது. தலைப்பாகை கட்டியவனுக்கு வருகிற ரோசம் தனி ரகம். நான் ஆர் தெரியுமோ, தோழன் இல்லாமல் கலியாணம் நடக்குமோ, உங்கடை பள்ளிக்கூடத்திலை இதைத்தானோ படிப்பிக்கினம் என்று கத்தினேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். துளசிகாவின் கை நடுங்கியதை நான் கண்டேன். அன்று காலையில் எனக்கு நடுங்கியதைவிட மோசமாக நடுங்கியது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"தோழன் பின் சீற்றிலை இருந்து போனாலும் தோழன்தான் அண்ணை. போகவேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. நீங்கள் கார் ஓடவேண்டாம் எண்டுதான் சொல்லுறம்."

"நான் குடிச்சது எண்டு உனக்கு என்ன சாட்சி?"

"கண்ணாடியிலை நெத்தியைப் பாருங்கோ."

காரின் பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். இரண்டு பொட்டு. நிமிர்ந்து சுற்றிவரப் பார்த்தேன். ரூபனுக்கு இரண்டு பொட்டு. படம் எடுக்க வந்தவருக்கு இரண்டு பொட்டு. மதுவின் தீமைகளைப் பற்றி ஊரில் எங்கே கூட்டம் என்றாலும் முதல் ஆளாக மேடையேறும் எங்கள் பெரியப்பாவுக்கும் (அவர் கதிரையில் கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்) இரண்டு பொட்டு. ஆனால் அன்று அந்த மண்டபத்தில் நெற்றியின் கணக்குத் தெரிந்தவர்கள் அந்த ஏழெட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். பன்னீர் தெளிக்கிற பிள்ளைகளைப் போல விருந்தாளியின் முகத்துக்குக் கிட்டப் போகிறவர்கள் கலியாண வீட்டில் வேறு யார்? எத்தனை கலியாணங்களில் நாங்கள் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறோம்! இது ஒருவருடைய புத்திக்கும் எட்டவில்லையே! கோபத்துக்கு நடுவிலும் எனக்குப் புல்லரித்தது.

"இதெல்லாம் உங்களுக்கு என்ன தேவைக்கு?" என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டிருந்தது.

துளசிகா கஜனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

"போன வருசம் இவனுக்கு ஒரு கலியாண வீட்டிலை ஆரோ ஒரு அண்ணை பியர் குடுத்தவர். 'கலியாண வீடெல்லோ, குடி' எண்டு சொல்லித்தான் குடுத்தவர். அவரின்ரை மோட்டார் சைக்கிளிலைதான் இவன் திரும்பி வந்தவன். மூண்டு மாதம் வகுப்பிலை இவன்ரை கதிரை வெறுமையாக் கிடந்தது. அதுக்குப் பிறகுதான் நாங்கள் இதைத் தொடங்கினனாங்கள்."

அப்போதுதான் பார்த்தேன், கஜன் வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்துத்தான் நின்றான். ஒரு மணி நேரத்துக்கு முன் அதே சொற்களைச் சொல்லி நான் நீட்டிய டின்னை மறுத்துவிட்டு அவன் போனபோதும் காலை இழுத்துத்தான் நடந்திருப்பான். நான் சிரித்துக்கொண்டிருந்ததால் காணவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனாலும் அவன் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

"அப்ப நான் எப்பிடிப் போறது?" என்றேன், சின்னப்பிள்ளை மாதிரி.

"வான் நிக்குது அண்ணை."

அது அவர்களைத் தினமும் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகிற வான். பிள்ளைகள் 'வான் மாமா' என்று கூப்பிடும் அதன் சாரதி வாழ்க்கையில் பிளேன்டீக்கு மேல் எதையும் தொட்டறியாத மனிதர். நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் பிள்ளைகள் காரிலிருந்த மாலைகளை அவிழ்த்து வானில் கட்டிவிட்டார்கள். ஐந்து நிமிடம்கூட இல்லை. முன்கண்ணாடிக்கு மேல் 'பாடசாலை மாணவர் சேவை', அதற்குக் கீழே மல்லிகைச் சரம். பெரியவர்கள் நாங்கள் ஒரு கலியாணத்துக்கு ஒரு மாதம் கூட்டம் போடுகிறோம்!

வான் மாமா மாட்டுவண்டி முந்திப்போகிற வேகத்தில் ஓட்டினார். அன்று சனிக்கிழமை. ஆனாலும் பழக்கதோஷத்தில், பிள்ளைகள் ஏறுகிற ஒவ்வொரு சந்து ஒழுங்கை முகப்பிலும் நிறுத்தி ஹோர்ன் அடித்தார். ஒரு வீட்டில் ஒரு தாய் அரைத்தூக்கத்தில் இருந்த பையனைப் புத்தகப்பையோடு இழுத்துக்கொண்டு ஓடிவந்து, உள்ளே தலைப்பாகையோடு இருந்த என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

வல்வெட்டித்துறையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் வானைக் கண்டதும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா முன்னால் வந்தார். கப்பலில் நாடுகள் சுற்றிய மனிதர், இப்படியொன்றை எந்தத் துறைமுகத்திலும் கண்டிருக்கமாட்டார்.

"தம்பி, மாப்பிள்ளையைக் கலியாணத்துக்குக் கொண்டு போறியளோ, நேர்சரியிலை சேர்க்கக் கொண்டு போறியளோ?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் ஏறி, சின்னப்பிள்ளைகளின் சீற்றில் முழங்கால் நாடியில் முட்ட என் பக்கத்தில் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழி முழுக்க யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கலியாணம் குழம்பினால் என்னால்தான் என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. அடித்த வியர்வையில் குடித்ததெல்லாம் இறங்கிவிட்டது.

மண்டபத்துக்கு வரும்போது சுபநேரம் முடிய அரை மணி நேரமே இருந்தது. ஐயர் வாசலுக்கே வந்து நின்று கையைக் காட்டி அவசரப்படுத்தினார். நான் செம்புத் தண்ணீரோடு காலைக் கழுவக் குனிந்தேன். மாப்பிள்ளை, "பொறுங்கோ மச்சான்" என்றார். நேரே துளசிகாவுக்கு முன்னால் போய், தலைப்பாகை சரியாமல் பிடித்துக்கொண்டு குனிந்து, "பிள்ளை, என்னையும் ஒருக்காப் பாருங்கோ" என்று வாயைத் திறந்து ஊதினார்.

பதினாறு வயதுப் பிள்ளை, முன்னால் தலைகுனிந்து நிற்கிற மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு பொட்டு வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பிறகுதான் என்னிடம் வந்து காலை நீட்டி, மோதிரத்தையும் போட்டார் அந்த மனிதர். அதற்கு நான் கொஞ்சமும் தகுதியில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

மணவறையில் தங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் தலை நிமிராமலே மெல்லச் சொன்னாள்.

"கோவமே அண்ணை? பிள்ளையளைக் கூப்பிட்டது நான்தான்."

"நீயோ? மாப்பிள்ளை பிந்தியிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"அவர் பிந்தினாலும் வருவார். நீங்கள் வராட்டில் நான் ஆரைப் போய்க் கூட்டிக்கொண்டு வாறது?"

கெட்டிமேளம் அடித்தார்கள். அந்த நேரம் நான் அழுததைத் தங்கையைப் பிரிகிற துக்கம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரெண்டு பொட்டர்' என்றுதான் பெயர். மருமக்கள்கூட 'ரெண்டு பொட்டு மாமா' என்கிறார்கள். ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், வாசலில் நிற்கிற பிள்ளைகள் எனக்கு முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், சந்நிதியில் நிற்கிற மாதிரி அடக்கமாகக் குனிகிறேன். பிறகு நேரே தங்கையைத் தேடிப் போய் நெற்றியைக் காட்டுவேன். அவள் எத்தனை பேருக்கு நடுவில் நின்றாலும் என் நாடியைப் பிடித்துத் திருப்பி, இடது புருவத்துக்கு மேலே நன்றாகப் பார்த்துவிட்டு, "ஓம், ஒண்டுதான். போய்ச் சாப்பிடுங்கோ அண்ணை" என்பாள்.