தவளைத் தளபதி, இரண்டாம் பாகம்

தவளை மறுபடியும் குழிக்குள் விழுந்தது.

"அட கஷ்டகாலமே!" என்று பரிசோதகர் கையிலிருந்த விளையாட்டுக் கருவியை மெத்தை மேல் போட்டார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தக் கருவி, தவளை செத்தால் ஒரு சோக இசையை வாசிக்கும். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு, அதையே முணுமுணுத்துக்கொண்டு அவர் குளித்துவிட்டும் வந்திருந்தார்.

அவருக்கு வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. கேம் கடைக்குப் போகுமுன் விளையாடிப் பார்த்து, எங்கே சுலபம், எங்கே கஷ்டம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். 'தவளைத் தளபதி' முதல் பாகத்துக்கும் அவர்தான் கொடுத்தார். இங்கே செத்தேன், அங்கே செத்தேன், இதோ இந்த இடத்தில் ஏன் செத்தேன் என்றே புரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். கேம் என்னவோ சக்கைப்போடு போட்டது. அறிக்கையை நினைத்தால்தான் மனிதருக்கு இன்னும் மானம் போகிறது.

போதாக்குறைக்குப் போன வாரம் சாப்பாட்டு அறையில் தாடிக்காரப் புரோகிராமர் வேறு வாயைத் திறந்தான். "சார், மனசு சரியில்லன்னா உங்க பழைய அறிக்கையை எடுத்துப் படிப்போம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். பரிசோதகரும் கூடவே சிரித்துவைத்தார். விளையாடத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டுவிட்டால்? தலை பாதி நரைத்த பிறகு வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

ஆகவே, இந்த முறை அறிக்கையில் ஒரு சாவுகூட இருக்கக் கூடாது என்று சபதம் எடுத்தார். தவளைதான் ஒத்துழைக்கவில்லை.

அறைக்குள் மனைவி எட்டிப் பார்த்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். "இருடி ஒரு நிமிஷம். என்னங்க, காலையிலேர்ந்து அந்தத் தவளையைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?"

"குதிக்க மாட்டேங்குது."

"கொடுங்க இப்படி. ம்... சொல்லுடி, அப்புறம் உன் மாமியார் என்ன சொன்னாங்க?"

தங்கையின் மாமியார் என்ன சொன்னார் என்பது முடிவதற்குள் தவளை குழிகளைத் தாண்டி, நண்டுகளை வெட்டிச் சாய்த்து, நண்டு ராஜாவின் தலைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தது.

"அவ்வளவுதானா? இதுக்கா சம்பளம் கொடுக்கிறாங்க?" என்று கருவியை நீட்டினாள்.

மறுநாள் அறிக்கை போயிற்று: 'மிக மிகச் சுலபம். தூங்கிக்கொண்டே தாண்டலாம்.'

படித்த முதலாளியின் முகம் தொங்கிப்போயிற்று. "நீங்கதான் விளையாடினீங்களா?"

"பின்னே? நானேதான் சார்."

"ஒரு தடவைகூடச் சாகலையா?"

"சாவா? எனக்கா?" பரிசோதகர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

முதலாளி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். சந்தேகப்படுகிறார் என்றே பரிசோதகர் நினைத்தார். முதலாளியோ தாடிக்காரனைக் கூப்பிட்டு, "இவருக்கே சுலபமா இருக்காம். கஷ்டமாக்குப்பா," என்று மட்டும் சொன்னார்.

கஷ்டமாக்கிய கேம் வந்தது. குழிகள் வாய் பிளந்திருந்தன. நண்டுகள் ஜோடி ஜோடியாக வந்தன. மனைவி அதையும் முடித்தாள். ஆனால் முடித்த பிறகும் கருவியைக் கீழே வைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, ஊறவைத்த துணி ஊறிக்கொண்டே கிடந்தது, அவளோ சோபாவில் சம்மணம் போட்டு, "வாங்கடா, வரிசையா வாங்க!" என்று நண்டுகளை அழைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு?" என்றார் பரிசோதகர்.

"நேத்துச் செஞ்சது இருக்கும், பாருங்க. குறுக்க நிக்காதீங்க, ராஜா வர்றான்!"

இரண்டாவது அறிக்கையும் 'சுலபம்' என்றே போயிற்று. பின்வாங்கினால் குட்டு உடைந்துவிடுமே! முதலாளியின் முகம் இன்னும் இரண்டு அங்குலம் இறங்கியது. தாடிக்காரன் முறைத்துவிட்டுப் போய்க் கூரையிலிருந்து முட்களைத் தொங்கவிட்டான்.

முட்களோடு மல்லுக்கு நின்றதில் மனைவியின் கட்டைவிரல் வீங்கிப் போனது. மருந்து தடவிக் கட்டுப்போட்ட கையோடு, "கவலைப்படாதீங்க, எங்கப்பாவை வரச் சொல்லியிருக்கேன்," என்றாள்.

"மாமாவா! அவருக்கு டிவி ரிமோட்டே பிடிக்கத் தெரியாதே!"

மாமனார் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பெட்டியோடு வந்து இறங்கி, மூக்குக் கண்ணாடியை நுனிமூக்குக்குத் தள்ளி, கருவியை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நண்டு ராஜா அலறும் சத்தம் கேட்டது.

"எப்படி மாமா?" பரிசோதகர் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மாப்ள பெரிய விஷயம்! எதிர்ல வர்றவன் ஒழுங்கா வருவான்னு நம்பக் கூடாது. அவன் முட்டாள்தனமாத்தான் திரும்புவான்னு வெச்சுக்கிட்டு ஓட்டணும். இந்த நண்டுங்களும் அப்படித்தான். அப்புறம், தவளை கை காட்டாமத் திரும்புது. அதையும் எழுதுங்க."

எழுதினார். வேறு வழி? அறிக்கையைப் படித்த முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் முகத்தோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கேமைத் தாடிக்காரன் தானே கொண்டுவந்து கொடுத்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "தரையையே எடுத்துட்டேன் சார். இதுக்கு மேல எடுக்க ஒண்ணுமில்ல. ராஜினாமா பண்றதுதான் பாக்கி."

மாமனார் அதையும் தாண்டினார். "தரை இல்லாத ரோட்டுலயே காலம் பூரா ஓட்டினவன் நான்," என்றார். பரிசோதகர் அவர் காலில் விழாத குறைதான். மறுபடியும் 'சுலபம்' என்று எழுதினார்.

அன்று மாலையே முதலாளி எல்லோரையும் பெரிய கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். சுவரில் பெரிய திரை. கருவியை அதோடு இணைத்திருந்தார்கள். வரவேற்பறையில் உட்காரும் அம்மாள்கூடக் காதில் போனோடு கதவோரம் வந்து நின்றார்.

"எங்க கண் முன்னாடி ஒரு தடவை விளையாடிக் காட்டுங்க," என்றார் முதலாளி. குரல் ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர் குரல்போல் இருந்தது.

"கை கொஞ்சம் சுளுக்கு சார்..."

"பரவாயில்ல."

"கண்ணாடியை வீட்டுல..."

"மூக்கு மேலதான் இருக்கு."

தொலைந்தோம் என்று பரிசோதகர் பொத்தானை அழுத்தினார். தவளை ஒரு துள்ளு துள்ளி, நேராகப் பாதாளத்துக்குப் போயிற்று. கூடம் முழுக்கச் சோக இசை.

முதலாளி நாற்காலி நுனிக்கு வந்தார். "இன்னொரு தடவை."

இந்த முறை தவளை குதிக்கவே இல்லை. முன்னால் நகரச் சொன்னால், நின்றிருந்த ஒற்றைக் கல்லிலேயே பின்னால் நகர்ந்து, தொங்கிய முள்ளில் தானாகவே போய்ச் சாய்ந்தது.

"இன்னும் ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு!" முதலாளியின் கண்கள் பளபளத்தன.

மூன்றாவது தடவை எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, தவளை தன் வாளாலேயே தன்னைக் குத்திக்கொண்டது. அப்படி ஒரு வசதி கேமில் இருப்பதே தாடிக்காரனுக்குத் தெரியாது.

பரிசோதகருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சிடுங்க சார்! விளையாடினது நான் இல்ல. என் மனைவியும் மாமனாரும்தான். எனக்குச் சுத்தமா வராது சார். முதல் பாகத்துலயும் வரல. என்னை அனுப்புறதா இருந்தா அனுப்பிடுங்க. இந்தப் பொய்யைத் தூக்கிச் சுமக்க என்னால முடியல!"

முதலாளி பாய்ந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று பரிசோதகர் கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தாடிக்காரன் குலுங்கிக் குலுங்கி அழுதபடி, "தரையைத் திரும்பப் போட்டுடலாமா சார்?" என்றான். ஆளாளுக்குக் கைதட்டினார்கள். நடுவில் நின்ற பரிசோதகர் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தார்.

கதவோரம் நின்ற அம்மாள் போனில், "நாளைக்கு இன்டர்வியூவுக்கு நீங்க வர வேண்டாம்ங்க, எங்க பழைய ஆளே சரியாயிட்டாரு," என்று சொல்லி வைத்துவிட்டுப் பரிசோதகரிடம் வந்தார்.

"நல்லவேளை சார், எங்கே கத்துக்கிட்டீங்களோன்னு பயந்தே போயிட்டோம்! அன்னைக்கு இன்டர்வியூவுக்கு வந்த அத்தனை பேர்லயும் இவ்வளவு மோசமா விளையாடினது நீங்க ஒருத்தர்தான்னுதானே உங்களை வேலைக்கே எடுத்தோம்!"