ரசமட்டம் நிற்காத நாற்காலி

அன்புள்ள தங்கை ஹெஸ்டருக்கு, அண்ணன் ஆல்டன் தன் கையாலேயே எழுதுவது.

எழுத்துகள் மேடும் பள்ளமுமாகக் கிடப்பதற்கு மன்னித்துக்கொள். நூலகத்தில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து கற்றவை. கோடு போட்ட தாளிலும் கோட்டில் நிற்க மறுக்கின்றன. இதுவரை எழுதுவதற்குள் ஒரு குவளைக் காபி ஆறிப்போயிற்று. நானும் உன் அண்ணி ஐடாவும் நலம். நாற்பது வருஷமாக உன் கடிதங்களை அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். போன வாரம் பழைய பெட்டியைத் திறந்து நானே படித்தேன். என்னைப் பற்றி நீ எழுதியதில் பாதியை விழுங்கியிருக்கிறாள். அது இருக்கட்டும்.

மாவட்டக் கண்காட்சிக்கு ஒரு நாற்காலி செய்தேன். மேப்பிள் மரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைக்குமே, அப்படி ஓர் இருக்கை. சுருள் பிரியும் பெரணித் தளிர் மாதிரி சாய்மானம். கால்கள் பாறையைக் கவ்விய வேர்கள் போல. பெயர்ச்சீட்டை ஐடாவிடம் கொடுக்கவில்லை. 'ஆல்டன் புரூயிட்' என்று நானே எழுதி ஒட்டி, மரச்சாமான் கொட்டகையில் வைத்துவிட்டு, யார் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவர் தெல்மா, மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டையோடு வந்தார். இருக்கையில் வைத்தார், குமிழி ஓடியது. சாய்மானத்தில் வைத்தார், ரசமட்டமே வழுக்கி விழுந்தது. "ஏன் ஆல்டன், இதுல நேர்கோடு எங்க இருக்கு?" என்றார். "உங்க முதுகுல எங்க இருக்கு தெல்மா?" என்றேன். கொட்டகையே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. "இது சிற்பம். சிற்பக் கூடாரத்துக்குத் தூக்கிட்டுப் போங்க." தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த தாடிக்கார நடுவர் உட்கார்ந்து பார்த்து, "சொகமா இருக்கே பெரியவரே! சிற்பம்னா இவ்வளவு சொகம் கூடாது, மரச்சாமான்கிட்டயே போங்க" என்றார். மறுபடி தூக்கினேன். பன்றிப் பட்டி அருகே மூச்சு வாங்க இறக்கினால், ஓர் அம்மாள் "பூசணிக்காய்க் கூடாரம் அந்தப் பக்கங்க" என்று வழி காட்டுகிறாள். போங்கடா என்று அங்கேயே விட்டுவிட்டு டோனட் வாங்கப் போனேன். திரும்பினால், என் நாற்காலியில் தெல்மா! மடியில் ரசமட்டம், வாயில் குறட்டை. மேசைகளுக்குப் பரிசு சொல்ல நடுவரைக் காணோமென்று ஒலிபெருக்கி கத்துகிறது. "நீங்க தூங்கறது சிற்பத்துலயா, மரச்சாமான்லயா?" என்று காதருகே கேட்டேன். "இடுப்பு வலிக்குதுன்னு சும்மா சாஞ்சேன்" என்று எழுந்தவர், போட்டி விதி விதிதான் என்று போயே போய்விட்டார். கொட்டகையில் என் பெயர் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை.

ஓரத்தில் ஓர் இடமாவது நேராகச் சீவிவிடு என்கிறாள் ஐடா. மாட்டேன். எழுபத்தாறு வயதில் எந்த மரமும் எனக்கு நேர்கோடு காட்டியதில்லை. உளி பிடிக்கக் கை இருக்கும்வரை ஒரு நேர்கோடு சீவ மாட்டேன். என் கையெழுத்தின் மேல் சத்தியம்; பார்த்தாலே நம்புவாய்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. வசந்தம் வரும்வரை உங்கள் விறகு தீராதிருக்கட்டும்.

அண்ணன்,
ஆல்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தெல்மா வந்தார், இடுப்பைப் பிடித்தபடி. அதே மாதிரி ஒன்று வேண்டுமாம். "ஆனா ரசமட்டம் வைக்க ஒரு எடமாவது இருக்கணும். அப்பதான் அடுத்த வருஷம் அதைக் கொட்டகையில வச்சு, உங்க பேரை ஒட்ட முடியும்" என்றார். ஒப்புக்கொண்டேன். இப்போது நேர்கோடுதான் சீவிக்கொண்டிருக்கிறேன், ஹெஸ்டர். ரசமட்டத்தின் நீளத்துக்குச் சரியாக, இருக்கைக்கு அடியில். அதைப் பார்க்க அவர் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். படுத்துக்கொண்டு என்ன சொன்னார் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.