ஐசக் பல்லைக் கொடுக்க மாட்டார்

"நாளைக்கே எடுத்துடணும்" என்று பல் டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் ஐசக் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்ல அறுப்பின் பண்டிகை டாக்டர். ஸோலோ நான்தான். திங்கக்கிழமை வரேன், பல்லு உங்களுது."

"ஞானப்பல் சார். குறுக்கே முளைச்சிருக்கு. கன்னம் வீங்கும்."

"வீங்கட்டும். என் கன்னம்தானே!"

ஊரப்பாக்கம் சபையில் பல வருடங்களாகப் பண்டிகைத் தனிப்பாடல் ஐசக்குடையது. பல்லை எடுத்தால் ஒரு வாரம் வாயைத் திறக்க முடியாது. அப்படி ஒரு வாரம் வாய்க்காதா என்று பாடற்குழுவில் ஃபிரெடி தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கு விட்டுக்கொடுப்பதைவிட மொத்தப் பல்லையும் இழக்கலாம் என்பது ஐசக்கின் கட்சி.

வீட்டுக்கு வந்ததும் கிராம்பை வைத்துக் கடித்தார். வலி அப்படியே இருக்க, நாக்கு பொத்துப்போனது. அதற்கு மருந்தாக உப்பு வெந்நீரைக் கொப்பளித்தார். சூட்டில் மேலண்ணமும் வெந்தது.

மனைவி யூனிஸுக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வாட்ஸாப் குழுவில், 'என் கணவரின் வாய்க்காக ஜெபிக்கவும்' என்று போட்டுவிட்டாள். கூடுவாஞ்சேரி வரை விஷயம் பரவி ஆமென் குவிந்தது. சாயங்காலம் ஃபிரெடியே ஆப்பிளோடு வந்து நின்றான்.

"ரெஸ்ட் எடுங்கண்ணா. நான் வேணா பாடிடறேன்."

"ஆப்பிள வெச்சிட்டுக் கெளம்பு!"

ஒன்றுமே இல்லை என்று காட்ட, அவன் கண்ணெதிரிலேயே ஒரு கடி கடித்தார். அதோடு தாடை பிடித்துக்கொண்டது. பண்டிகையன்று காலையில் வாய் ஒரு விரலளவுதான் திறந்தது.

"இப்பவாவது அந்தப் பையன்கிட்ட விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினாள் யூனிஸ்.

"மூக்காலயாவது பாடுவேன். மைக்க எவனுக்கும் குடுக்க மாட்டேன்" என்று பல்லிடுக்கில் சொன்னார் ஐசக்.

சபையில் மைக் பக்கம் நகர்ந்த ஃபிரெடியை முழங்கையால் தள்ளிவிட்டு நின்றார். மூச்சை முழுக்க இழுத்துப் பாடியும் மெல்லிசாகத்தான் சத்தம் வந்தது. வலி பின்னியெடுத்தது. ஆனாலும் விடவில்லை, ஒரு சரணத்தைக்கூடக் குறைக்காமல் பாடி முடித்தார்.

சபை அசையாமல் கேட்டது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர் உருகிப்போய் உட்கார்ந்திருந்தார். ஐசக்குக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லோர் எதிரிலும் பல்லிடுக்கிலேயே அறிவித்தார். "யூனிஸ், டாக்டருக்கு போன் போடு. நாளைக்குப் பல்ல எடுத்துடலாம். அடுத்த வருஷம் முழு வாயத் தொறந்து பாடறேன், பாரு!"

அதைக் கேட்டு, அவர் பாட்டுக்கு வருடா வருடம் ஆர்கன் வாசிக்கும் ரோஸி ஓட்டமாக வந்து வழியை மறித்தாள்.

"அண்ணா, கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பார், அந்தப் பல்ல மட்டும் எடுத்துடாதீங்க! இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் நான் காதுல பஞ்சு வெக்காம வாசிச்சேன்."